தோல்விக்கு ஒரு பெயர்: பேஸ்பால் கூட்டமும் பிட்சரின் உடலும்

1

ஒன்பது பேர் ஆடும் ஆட்டத்தின் தோல்வியை ஒரே ஒருவர் பெயரில் பதிவுசெய்யும் வழக்கம் பேஸ்பாலில் உண்டு. அமெரிக்க நாளிதழ்களில் மறுநாள் வரும் ஆட்டக்கணக்கில் இரண்டு பெயர்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்: வென்ற பிட்சர், தோற்ற பிட்சர். மட்டை பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். தடுப்பாளர் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டிருக்கலாம். மேலாளர் தப்பான நேரத்தில் தப்பான ஆளை இறக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் 'தோற்ற மட்டையாளர்' என்று ஒரு கட்டம் கிடையாது. எதிரணியை முன்னுக்குக் கொண்டுபோய் அதன்பின் பின்தங்கவே விடாத அந்த ஓட்டத்துக்கு எந்தப் பிட்சர் பொறுப்போ, அவர் தலையில் தோல்வி ஏறும். ரசிகர்கள் ஒரு தனிமனிதனைப் பிடித்து உலுக்குகிறார்களே என்று நாம் வருத்தப்படுவதற்கு முன்பாகவே ஆட்டத்தின் நிர்வாகம் அந்தக் காரியத்தை விதியாக எழுதி வைத்தாயிற்று. கூட்டத்தின் கோபத்தைத் தானாகக் கிளம்பிய காட்டுத்தீயாக வாசிக்கிறவர்கள் இந்த விதியைக் கண்டுகொள்வதில்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்குப் பிட்சரின் தனிமை சட்டென்று பிடிபடாது. பந்துவீச்சாளர் ஆறு பந்து போட்டுவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நின்றுகொள்ளலாம். பிட்சர் மைதானத்தின் நடுவே, பத்து அங்குல உயர மண்மேட்டில், மாற்றப்படும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மாற்றப்பட்டால் அன்றைய ஆட்டத்துக்குள் திரும்பி வர முடியாது. அறுபது அடி ஆறு அங்குலத்துக்கு அப்பால் மட்டையாளர். எல்லா நிகழ்வும் பிட்சரின் கையிலிருந்துதான் புறப்பட்டாக வேண்டும். அவர் கையை அசைக்காத வரை ஆட்டம் என்று ஒன்று இல்லை. கூட்டத்தின் ஐம்பதாயிரம் கண்களும் அந்த ஓர் உடலின் மேல் குவிகின்றன. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒரு தோல்வி மறுநாளே மறந்துபோகும். அதன்பின் வரும் பிளேஆஃபில் மறுநாள் என்பதே இல்லாமல் போகலாம். அங்கே விழும் அடி ஆளோடு ஒட்டிக்கொள்கிறது.

நமக்கும் இது தெரியாததில்லை. 1986 ஏப்ரல் 18 ஷார்ஜாவில் சேத்தன் சர்மா போட்ட கடைசிப் பந்தை ஜாவேத் மியான்தாத் சிக்ஸர் அடித்தார். அதற்குமுன் நடந்த ஐம்பது ஓவர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பேஸ்பால் இந்த மறதியைக் கணக்குப் புத்தகத்திலேயே ஏற்றிவைத்திருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

2

1951 அக்டோபர் 3. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். புரூக்ளின் டாட்ஜர்ஸும் நியூயார்க் ஜயண்ட்ஸும் பருவத்தைச் சமநிலையில் முடித்ததால் மூன்று ஆட்டங்கள் கொண்ட பிளேஆஃப். அதில் இது மூன்றாவது. ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 4-2 என்று முன்னணியில் இருக்கிறது. இரண்டு ஓட்டக்காரர்களைப் பேஸில் விட்டுவிட்டு டான் நியூகம் வெளியேற, ரால்ஃப் பிராங்கா உள்ளே வருகிறார். வயது 25. சட்டை எண் 13. இரண்டே பந்து எறிந்தார். முதலாவது ஸ்ட்ரைக். இரண்டாவதை பாபி தாம்சன் இடப்பக்கச் சுவருக்கு மேலே அனுப்பினார். 5-4. ஆட்டம் முடிந்தது, பருவம் முடிந்தது, பிராங்கா என்ற பெயருக்கு வேறு அர்த்தம் எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. 1947-இல், 21 வயதில், ஒரே பருவத்தில் 21 ஆட்டங்களை வென்றவர் அவர். அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

அன்று எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் புகழ்பெற்றது. உடைமாற்றும் அறையின் படிக்கட்டில் பிராங்கா தலை கவிழ்ந்து கிடக்கிறார். முகம் தெரியவில்லை. முதுகில் 13 தெரிகிறது. மேற்கில் அது ஆகாத எண். முகத்தை மறைத்து எண்ணைக் காட்டும் இந்தப் படம் செய்திப்படம் என்ற நிலையிலிருந்து நகர்ந்து ஒரு தீர்ப்பாகவே ஆகிவிடுகிறது. மேலாளர் சார்லி டிரெஸன் செய்த தேர்வு அதில் இல்லை. இரண்டு நாளைக்கு முன்பு, இதே தொடரின் முதல் ஆட்டத்தில், இதே பிராங்காவின் பந்தில் இதே தாம்சன் ஹோம்ரன் அடித்திருந்தார். அது டிரெஸனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் அனுப்பினார். அந்த முடிவுக்கு உடல் கிடையாது. உடல் இல்லாத ஒன்றைக் கேமரா பிடிக்க முடியாது, கூட்டமும் திட்ட முடியாது.

டான் டெலிலோ இந்த ஆட்டத்தை வைத்துத்தான் 'அண்டர்வேர்ல்ட்' (1997) நாவலைத் தொடங்குகிறார். சோவியத் நாடு அணுகுண்டு சோதனை நடத்திய செய்தி அதே நாளில் வந்தது; ஹோம்ரனும் அணுகுண்டும் மறுநாள் நாளிதழின் முதல் பக்கத்தில் அருகருகே நின்றன. வரலாறு என்பது கூட்டத்தின் கைகளுக்கு நடுவே உருண்டுபோகும் ஒரு பந்து என்பதாக நாவல் விரிகிறது. பெரிய நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் பந்து யார் கைக்குப் போயிற்று என்று தொடரும் அந்தப் பிரதியின் கேள்வியும் கூட்டத்தின் பக்கம் நின்று கேட்கப்படும் கேள்விதான். எந்தக் கையிலிருந்து அது புறப்பட்டதோ அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்பது இலக்கியத்துக்கே இரண்டாம்பட்சம் ஆகிவிடுகிறது.

3

பிளேஆஃப் தோல்வி பற்றிய பேச்சில் தவறாமல் வந்துசேரும் இன்னொரு பெயர் டானி மூர். இவரைப் பற்றிச் சொல்லப்படும் கதையை நான் சந்தேகத்தோடுதான் அணுகுகிறேன். காரணம், அந்தக் கதை மிகவும் கச்சிதமாக இருக்கிறது.

1986 அக்டோபர் 12, அனஹைம். கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் தொடரில் 3-1 என்று முன்னணியில். இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் அந்த அணியின் வரலாற்றில் முதல்முறையாக உலகத் தொடருக்குள் நுழையலாம். தோள்வலியோடு ஆடிக்கொண்டிருந்த மூர் எறிந்த பந்தை பாஸ்டனின் டேவ் ஹெண்டர்சன் ஹோம்ரன் ஆக்கினார். பாஸ்டன் 6-5 என்று முந்தியது. கதை இங்கேயே முடிந்துவிட்டதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதியில் ஏஞ்சல்ஸ் ஓர் ஓட்டம் எடுத்துச் சமன்செய்தது. மூன்று பேஸிலும் ஆள், ஒரே அவுட் என்ற நிலையில் ஏஞ்சல்ஸின் இரண்டு மட்டையாளர்களால் வெற்றி ஓட்டத்தைக் கொண்டுவர முடியவில்லை. பதினோராவது இன்னிங்ஸில்தான் தோல்வி வந்தது. அதன்பிறகும் இரண்டு ஆட்டங்கள் பாக்கி. பாஸ்டனில் இரண்டையும் ஏஞ்சல்ஸ் தோற்றது. இவ்வளவையும் ஒரு பந்துக்குள் திணித்து, அந்தப் பந்தை ஒரு மனிதனுக்குள் திணித்தார்கள். அடுத்து வந்த பருவங்களில் சொந்த மைதானத்திலேயே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

1989 ஜூலை 18 அன்று மூர் தன் வீட்டில் மனைவியைத் துப்பாக்கியால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். வயது 35. மனைவி பிழைத்தார். 'ஒரு பந்து ஒரு மனிதனைக் கொன்றுவிட்டது' என்கிற சொல்லாடல் உடனே கிளம்பிற்று. கூடஆடியவர்களும் சொன்னார்கள், பத்திரிகைகளும் எழுதின. ஊளையிட்ட கூட்டத்தின் குற்றவுணர்வும் அதில் கலந்திருந்தது.

நான் நிறுத்திக் கேட்க விரும்புவது இங்கேதான். சுடப்பட்ட பெண் இந்தக் கதையில் எங்கே? மூன்று குண்டுகளை உடம்பில் வாங்கி உயிர்பிழைத்த ஒருத்தியை, ஒரு ஆணின் விளையாட்டுச் சோகத்தின் பின்குறிப்பாக ஆக்கிவிட்டது அந்தக் கதையாடல். அந்த மணவாழ்க்கையில் வன்முறை வெகுகாலமாக இருந்ததாகப் பின்னாளில் வந்த பதிவுகள் சொல்கின்றன. ஹெண்டர்சன் அடிக்காமல் விட்டிருந்தால் அந்த வீட்டில் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்று நம்ப ஒரு ஆதாரமும் இல்லை. கூட்டம் தன் கொடுமைக்காக வருந்துவதாகச் சொல்லிக்கொள்ளும்போதும் அந்தப் பந்தைத்தான் திரும்பத்திரும்ப எறிகிறது. பழியில் மூர் தோல்வியின் சின்னம். பரிதாபத்தில் அவரே பலியின் சின்னம். இரண்டிலும் அவர் மனிதராக இல்லை. அவர் மனைவி இல்லவே இல்லை. ரசிகனின் கருணை என்று நாம் கொண்டாடும் விஷயத்தில் யாரை அழித்துவிட்டுக் கருணை காட்டப்படுகிறது என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது.

4

இந்த இடத்தில் கோட்பாட்டாளர்கள் வந்து நிற்பார்கள் என்று வாசகருக்குத் தெரியும். வரட்டும். ரெனே ஜிரார் சொல்கிறார்: ஒரு சமூகம் தன் உள்நெருக்கடியை ஒருவன் தலையில் ஏற்றி வெளியேற்றுகிறது, அவன் உண்மையிலேயே குற்றவாளி என்று மனதார நம்புகிறது, வெளியேற்றிய பின் அவனையே புனிதமாக்கவும் செய்கிறது. மூர் விஷயத்தில் இது அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஜிராரோடு நிறுத்திக்கொண்டால் ஒரு கேள்வி விட்டுப்போகும்: கூட்டத்தின் அந்த உள்நெருக்கடிதான் என்ன?

கூட்டத்தைத் திட்டுவது சுலபம். படித்தவர்கள் எப்போதும் செய்வது அதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'நாம ஜெயிச்சோம்', 'நாம தோத்தோம்' என்று பேசும் ரசிகனுக்கு அந்த 'நாம'வில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. புரூக்ளினைப் பாருங்கள். 1951 தோல்வியைத் தாங்கிக்கொண்டு, 1955-இல் தங்களின் ஒரே உலகத் தொடர் வெற்றியைக் கொண்டாடிய அந்த மக்களிடமிருந்து அணியையே எடுத்துக்கொண்டுபோனார் உரிமையாளர் வால்டர் ஓமாலி. 1957 பருவத்துக்குப் பின் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போயிற்று. அதே சமயத்தில் ஜயண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. ஜெயித்தவனுக்கும் அணி இல்லை, தோற்றவனுக்கும் அணி இல்லை. இரண்டு மைதானங்களும் இடிக்கப்பட்டுக் குடியிருப்புக் கட்டடங்கள் எழுந்தன. புரூக்ளின்காரர்கள் ஓமாலியைச் சபித்தார்கள், உண்மைதான். ஆனால் சபித்து என்ன ஆச்சு? உரிமையாளரின் அலுவலகத்துக்கு ரசிகனின் குரல் எட்டாது. மேட்டில் நிற்கும் பிட்சருக்கு எட்டும். சீட்டு வாங்கியதால் அவனுக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் கத்துவது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே உடல் பிட்சருடையது. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றில் முழு மனதையும் போட்டுவிட்டவனின் கோபம் இது. அது தப்பான விலாசத்துக்குப் போகிறது என்பதால் பொய்க்கோபம் ஆகிவிடாது.

ரோலான் பார்த் மல்யுத்தம் பற்றி எழுதியதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே தோற்பவன் தன் வலியை அரங்கம் முழுக்கத் தெரியும்படி நடித்துக் காட்டுகிறான். பார்ப்பவனுக்கு வேண்டியது அந்த அர்த்தம்தான், உண்மை அல்ல. பிட்சரின் நிலைமை இதற்கு நேர் எதிர். அவர் முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பாடம். காட்டாத முகத்தில் கூட்டம் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறது: திமிர், பயம், அலட்சியம். ஆட்டம் முடிந்தபின் அவரை நிருபர்கள் முன் உட்காரவைத்து, மேட்டில் தர மறுத்ததைக் கேட்டு வாங்குகிறார்கள். ஃபூக்கோ சொன்ன வாக்குமூலத்தின் தொழில்நுட்பம் இதுவே. 1993 உலகத் தொடரில் ஜோ கார்ட்டரிடம் ஹோம்ரன் கொடுத்துத் தொடரையே இழந்த பிலடெல்பியாவின் மிட்ச் வில்லியம்ஸுக்கு, அந்தத் தொடரின் நடுவிலேயே கொலைமிரட்டல்கள் வந்திருந்தன. அவர் ஓடி ஒளியவில்லை. நிருபர்கள் முன் நின்று பழியை ஏற்றுக்கொண்டார். சில வாரங்களில் வேறு அணிக்கு அனுப்பப்பட்டார். ஆனால் 'ஆம்பளையாட்டம் நின்னு பதில் சொன்னான்' என்று பின்னாளில் அவரைப் புகழ்ந்தவர்கள் பலர். வாக்குமூலம் கொடுத்தவனுக்கு மன்னிப்பு உண்டு. பழியையே ஏற்காமல், 'இது ஒன்பது பேர் தோற்ற ஆட்டம்' என்று உள்ளதைச் சொல்கிறவனுக்குக் கிடையாது.

5

டாட்ஜர்ஸ் இடம்பெயர்ந்த லாஸ் ஏஞ்சல்ஸில், பிராங்காவுக்கு அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து, கிளேட்டன் கெர்ஷா. அவர் காலத்தின் மிகச்சிறந்த பிட்சர்களில் ஒருவர் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் 'அக்டோபர் வந்தால் கெர்ஷா விழுந்துவிடுவார்' என்பது ரசிகர் வட்டாரத்தில் பழமொழி மாதிரி ஆகியிருந்தது. 2019 அக்டோபர் 9, வாஷிங்டனுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் ஆந்தனி ரெண்டோன், ஹுவான் சோட்டோ இருவரும் அடுத்தடுத்து ஹோம்ரன் அடித்தார்கள். 3-1 என்று இருந்தது 3-3 ஆயிற்று. சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். ஆனால் ஆட்டம் அங்கே தோற்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸில் ஜோ கெல்லி எறிந்த பந்தில் ஹோவி கெண்ட்ரிக் அடித்த கிராண்ட்ஸ்லாம்தான் தோற்கடித்தது. அலுவலகப் புத்தகத்தில் தோற்ற பிட்சர் கெல்லி. கூட்டத்தின் புத்தகத்தில் கெர்ஷா.

முதல் பகுதியில் நான் சொன்னதற்கு இது முரண் மாதிரித் தோன்றும். கூர்ந்து பார்த்தால் முரண் இல்லை. ஒரு பெயரில் எழுதியாக வேண்டும் என்ற வடிவத்தைக் கூட்டம் அலுவலகத்திடமிருந்து கற்றுக்கொண்டது. எந்தப் பெயர் என்பதைத் தன் பழைய கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. புதிய நிகழ்வு பழைய கதைக்கு இன்னொரு சான்றாக வாசிக்கப்படுகிறது. அன்றிரவு கெர்ஷாவே, தன்னைப் பற்றி ஊர் சொல்வதெல்லாம் சரிதான் என்கிற அர்த்தத்தில் பேசினார். ஒடுக்கும் வாசிப்பு வாசிக்கப்படுகிறவரின் வாய்மொழியாகவே வெளிவரும் தருணம் அது.

அடுத்த சில மாதங்களில் நடந்ததைக் கவனியுங்கள். 2020 ஜனவரியில் மேஜர் லீக் பேஸ்பால் தன் விசாரணை முடிவை வெளியிட்டது: 2017 பருவத்தில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி, மைதானத்தின் மையப்பகுதிக் கேமரா வழியாக எதிரணிக் கேட்சரின் சைகைகளைத் திருடி, குப்பைத்தொட்டியைத் தட்டித் தன் மட்டையாளர்களுக்கு அடுத்த பந்து என்ன என்று தெரிவித்திருக்கிறது. பிளேஆஃபிலும். அந்த ஆண்டு உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், ஹூஸ்டனில், முதலில் 4-0 முன்னணியையும் அடுத்து 7-4 முன்னணியையும் காப்பாற்ற முடியாமல் கெர்ஷா நின்ற காட்சிதான் 'அக்டோபர் கெர்ஷா' கதையின் மையத் தூண். அந்த ஆட்டம் 13-12 என்று முடிந்தது. ஹூஸ்டன் அணிக்கு 50 லட்சம் டாலர் அபராதம். மேலாளரும் பொது மேலாளரும் ஓராண்டு விலக்கப்பட்டு வேலையும் இழந்தார்கள். ஆட்டக்காரர் ஒருவருக்கும் தண்டனை இல்லை. கோப்பை திரும்பப் பெறப்படவில்லை.

பிராங்காவுக்கும் இதேதான். ஜயண்ட்ஸ் அணி 1951-இல் மையப்பகுதிக்குப் பின்னாலிருந்த தன் அறையில் தொலைநோக்கி வைத்துக் கேட்சரின் சைகையைப் பார்த்து, மின்மணி மூலம் கடத்தியது என்பதை 2001-இல் ஜோஷுவா பிரேகர் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் ஆதாரங்களோடு எழுதினார். பிராங்காவுக்கு 1954-இலேயே சக ஆட்டக்காரர் ஒருவர் மூலம் சேதி தெரிந்திருந்தது. அரை நூற்றாண்டு அவர் பொதுவில் வாய் திறக்கவில்லை. அழுமூஞ்சி என்ற பெயர் வேண்டாம் என்றே சும்மா இருந்தார். தாம்சனோடு சேர்ந்து மேடைகளில் நின்று பழைய படத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்பிட்ட பந்துக்குச் சைகை தனக்குக் கிடைக்கவில்லை என்றே தாம்சன் கடைசிவரை சொன்னார், 2010-இல் இறந்தார். பிராங்கா 2016-இல்.

'ஆக, உண்மை வெளிவந்தது. இருவரும் நிரபராதிகள்' என்று முடித்துவிடலாமா? அது எனக்கு உவப்பாக இல்லை. அப்படிச் சொன்னால், ஏமாற்று நடக்காத மற்ற ஆட்டங்களில் பழி நியாயமானது என்றாகிவிடும். மூரின் பந்தை யாரும் திருடவில்லை. 2019-இல் ரெண்டோனும் சோட்டோவும் நேர்மையாகவே அடித்தார்கள். அங்கே என்ன சொல்வோம்? நல்ல மட்டையாளர் நல்ல பந்தை அடிப்பது இந்த ஆட்டத்தின் இயல்பு. அதைக் குற்றமாக்கினால்தான் நிரபராதம் என்ற சொல்லே தேவைப்படுகிறது. குற்றம் என்ற சட்டகத்தை விட்டே வெளியே வர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

6

மன்னிப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பாஸ்டனின் பில் பக்னர் பிட்சர் அல்ல. ஆனால் அவரை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவர் கால்களுக்கு நடுவே பந்து போயிற்று. அந்தப் பந்து வருவதற்கு முன்பே முன்னணி பறிபோய் ஆட்டம் சமனாகியிருந்தது. அடுத்து ஏழாவது ஆட்டமும் இருந்தது. ஆனாலும் பெயர் பக்னர். 2008-இல் அவர் பாஸ்டன் மைதானத்துக்கு வந்து தொடக்கப் பந்து எறிந்தபோது கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. பலர் கண்கலங்கி எழுதினார்கள். நடுவில் பாஸ்டன் 2004-லும் 2007-லும் உலகத் தொடரை வென்றிருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கெர்ஷாவுக்கும் 2020, 2024, 2025 என மூன்று வெற்றிகள் வந்தன. 2025-இல் அவர் விடைபெற்றபோது ஊளையிட்ட மைதானமே ஆர்ப்பரித்தது.

புறத்திணையில் தழிஞ்சி என்று ஒரு துறை உண்டு. தொல்காப்பிய மரபில் அது புண்பட்ட வீரரைத் தழுவி ஆற்றுவது. புறப்பொருள் வெண்பாமாலையில் அதுவே, புறங்காட்டி ஓடுபவர் மேல் வேல் எறியாத மறப்பண்பைப் புகழ்வதாக ஆகிவிடுகிறது. ஒரே சொல், இரண்டு மையங்கள். முதலாவதில் கவனம் புண்பட்டவன் மேல். இரண்டாவதில் எறியாமல் விட்டவனின் பெருந்தன்மை மேல். பாஸ்டனின் கைதட்டல் இரண்டாவது வகை. வென்ற பிறகு வந்த மன்னிப்பு அது. கூட்டம் அதில் தன்னையே புகழ்ந்துகொள்கிறது. 'நாங்கள் உன்னை மன்னித்தோம்' என்று சொல்ல உனக்கு அந்த உரிமையை யார் தந்தது என்ற கேள்வி கைதட்டலில் அமுங்கிப்போகிறது.

முதல் வகைத் தழிஞ்சி சாத்தியமா? 1951 அக்டோபர் 3 அன்றே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பந்து சுவரைத் தாண்டியதும் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர்கள் தலை குனிந்து நடக்கத் தொடங்கினார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. ஜாக்கி ராபின்சன் மட்டும் தன் இடத்தை விட்டு நகராமல், இடுப்பில் கைவைத்து, தாம்சன் ஒவ்வொரு பேஸையும் காலால் தொடுகிறாரா என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். மேஜர் லீகின் நிறத்தடையை 1947-இல் உடைத்து உள்ளே வந்தவர். ஊளையும் கொலைமிரட்டலும் என்னவென்று தோல்விக்கு முன்பாகவே தெரிந்தவர். அப்போது அவர் பக்கம் நின்றவர்களில் ஒருவர் பிராங்கா. ராபின்சன் யாரையும் பழிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. நடந்தது நடந்தபடி நடந்ததா என்று சரிபார்த்தார். அதன்பிறகு உள்ளே போய் பிராங்காவிடம் ஆறுதலாகப் பேசினார். விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்வதற்கும் இந்த வரிசை பொருந்தும். முதலில் ஒவ்வொரு பேஸும் தொடப்பட்டதா என்று பார்ப்பது. பிறகு படிக்கட்டில் கிடப்பவரின் பக்கத்தில் போய் உட்காருவது. தீர்ப்பு எழுத வேண்டிய அவசரம் யாருக்கு இருக்கிறது என்பதை அதற்கப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.